ஏழாவது மாடி நாற்காலி

அந்த ஆஸ்பத்திரியின் ஏழாவது மாடியில் ஒரு சின்ன அறை. அதில் ஒரு மேசை, ஒரு திரை, ஒரு தொலைபேசி, ஒரு நாற்காலி. அந்த நாற்காலி மட்டும் காலியாக இருக்கக் கூடாது என்பது அங்கே சட்டம். கட்டடத்தின் எந்த மூலையில் எது மக்கர் செய்தாலும் திரையில் ஒரு வரி வந்து நிற்கும். நோயாளியைக் கொண்டுபோக லிஃப்டைப் பிடித்து வைக்க வேண்டும் என்றாலும் ஒரு வரி, பூட்டிய கதவைத் திறக்க வேண்டும் என்றாலும் ஒரு வரி. நாற்காலியில் இருப்பவர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்த்து அனுப்புவார்.

ஒவ்வொன்றாக. இதை மட்டும் மனதில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. மனுஷனுக்கு இருப்பது ஒரு தலை, இரண்டு கை.

எல்லாம் ஒரே நேரத்தில் கேட்டால் என்ன செய்வது? அதற்காக வகுப்பு பிரித்திருந்தார்கள். தீயும் ஆபரேஷன் அறையும் ஒன்றாம் வகுப்பு. அப்படியே இறங்கிக்கொண்டே போய், ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் ஐந்தாம் வகுப்பு. திரையில் எட்டு வரிதான் தெரியும். அதற்குக் கீழே நிற்பது, மேலே இருப்பது தீர்ந்தால்தான் முகம் காட்டும்.

நாற்காலிக்காரருக்கு வயது நாற்பத்தெட்டு, மூட்டு வலி உண்டு, கோபம் கிடையாது. எல்லாரும் அவரை வரிசைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். ஆளாளுக்கு வந்து தங்கள் பொருளை மேல் வகுப்புக்கு ஏற்றச் சொல்லிக் கெஞ்சுவார்கள்.

"சார், எங்க குளிர் அறையை ரெண்டுக்கு ஏத்தி விடுங்க" என்று சமையல் தலைவர் வந்து நின்றார்.

"உங்க குளிர் அறையில யாரு படுத்திருக்கா?"

"முந்நூறு பேரோட சாப்பாடு படுத்திருக்கு, சார்."

ஏற்றிவிட்டார். மேலாளர் அறை ஏ.சி.யும் இரண்டாம் வகுப்பில்தான் இருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதை ஏற்றிய அன்று மேலாளரே பக்கத்தில் வந்து நின்றார்.

வரிசைக்காரரின் மனைவிக்கும் அதே கட்டடத்தில்தான் வேலை. ஆனால் அடியிலும் அடியில். தரைக்குக் கீழே இருந்த சலவைக்கூடத்துக்கு அவள்தான் பொறுப்பு. அவளோடு சேர்த்து ஐந்து பெண்கள். காலையில் ஒரே ஸ்கூட்டரில் வந்து, வாசலில் பிரிந்து, ஒருத்தர் மேலே போவார், ஒருத்தி கீழே போவாள்.

"ஏங்க, உங்க திரையில நான் எத்தனாவது வகுப்பு?"

"அஞ்சு."

"அடப்பாவமே. வீட்ல?"

"வீட்ல நான்தானே அஞ்சு."

சிரித்துக்கொண்டே உறைக்கிற இடத்தில் கிள்ளுவாள். பதினெட்டு வருஷக் குடித்தனம்.

தினமும் மதியம் மூன்று மணிக்கு, துணி துவைத்து முடிந்ததும், கீழேயிருந்து தொலைபேசியில் ஒரே ஒரு மணி அடித்து வைத்துவிடுவாள். எடுக்க வேண்டியதில்லை. 'முடிஞ்சுது, நல்லா இருக்கேன்' என்று அர்த்தம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எல்லாவற்றுக்கும் வேர். அந்த ஏற்பாட்டைப் பொருத்திய எஞ்சினியர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். எந்த வரியானாலும் பத்து நிமிஷம் கவனிக்கப்படாமல் கிடந்தால், தானாக ஒரு வகுப்பு மேலே ஏறும். கடைசியில் நிற்பவனும் என்றாவது ஒருநாள் முன்னே வந்துவிட வேண்டும் என்பது அவர் நினைப்பு.

சலவைக்கூடத்தில் ஒரு கழிவுநீர்க் குழி உண்டு. நீர் கூடினால் அதில் ஒரு மிதவை எழும்பிச் சேதி அனுப்பும். இயந்திரங்கள் அழுக்குத் தண்ணீரைக் கொட்டும்போதெல்லாம் அது எழும்பும். மோட்டார் இறைத்ததும் அடங்கும். பொல்லாத வாயாடி மிதவை. ஒருநாள் அதன் வரி படிப்படியாக ஏறி, ஆபரேஷன் அறை வரிக்கு முன்னால் போய் நின்றுவிட்டது. பெரிய டாக்டரே ஏழாவது மாடிக்கு ஏறி வந்தார்.

"எனக்கு முன்னாடி சோப்புத் தண்ணியா?"

வரிசைக்காரர் அன்று மாலையே அந்த மிதவை மேலே ஏறாதபடி செய்தார். ஆனால் அடித்தளத்து வரிகள் எல்லாம் தனித்தனியாக இல்லை. ஒரே கட்டாக வந்தன. ஒன்றை நிறுத்தினால் கட்டு முழுவதும் நிற்கும். அதே கட்டில் இன்னொரு வரியும் இருந்தது: சலவைக்கூடத்திலிருந்து படிக்கட்டுக்குப் போகும் கதவு. படுக்கை விரிப்புகள் திருட்டுப் போகிறதென்று அந்தக் கதவுக்கு மின்பூட்டு போட்டிருந்தார்கள். உள்ளேயிருந்து பொத்தானை அமுக்கினால் மேலே வரி வரும்; அவர் திறந்துவிடுவார். எப்போதும் உடனே திறந்துவிடுகிற கதவு என்பதால் அது காத்திருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வீட்டில் அவளிடம் சொன்னார். அவள் சட்டையை மடித்துக்கொண்டே, "குழிதானே? நான் பாத்துக்கறேன். ஏதாச்சும்னா ஃபோன் பண்றேன், போங்க" என்றாள். அதோடு இருவரும் மறந்து போனார்கள்.

மழை பிடித்த அந்த நாளுக்கு வருகிறேன். காலையில் தூறல், பதினொரு மணிக்கு அடைமழை, மதியம் விளக்குப் போட்டு உட்கார வேண்டிய இருட்டு. இரண்டு பத்துக்கு மின்சாரம் கண் சிமிட்டியது. மறுபடி சிமிட்டியது. ஒவ்வொரு சிமிட்டலுக்கும் கட்டடத்திலுள்ள குளிர்பெட்டிகள், லிஃப்டுகள், காற்றாடிகள் எல்லாம் அணைந்து எழுந்து, 'நான் அணைந்தேன், நான் எழுந்தேன்' என்று ஆளுக்கொரு வரி அனுப்பின. அவர் எட்டு வரியைத் தீர்த்தால் கீழேயிருந்து எட்டு வந்தது. எல்லாம் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்பு. தொலைபேசியிலோ மேலாளர் அறை.

"ஏ.சி. என்னய்யா ஆச்சு?"

"வருது சார்."

"எப்ப வருது?"

கீழே மோட்டாரும் அணைந்தது. அது மட்டும் எழவில்லை.

வண்டிகள் வந்து துணி இறக்குகிற சரிவுப் பாதை தெருவிலிருந்து நேராக அடித்தளத்துக்கு இறங்கும். தெருத் தண்ணீர் முழுவதும் அந்த வழியைப் பிடித்துக்கொண்டது. இரும்பு ஷட்டரை மழைக்காக இறக்கி வைத்திருந்தார்கள். அதன் அடியிலிருந்து தண்ணீர் நாக்கு நீட்டியது. முதலில் பெண்கள் பழைய விரிப்புகளைச் சுருட்டி அடைத்தார்கள். விரிப்புகள் மிதந்தன. ஷட்டரைத் தூக்கலாம் என்றால் சலவைக்கூடத்தில் மின்சாரமே இல்லை. லிஃப்டை அழைத்தார்கள்; அதை யாரோ மேலே பிடித்து வைத்திருந்தார்கள். கதவுப் பொத்தானை அமுக்கினார்கள். அதற்கென்று இருந்த பேட்டரியில் சிவப்பு விளக்கு எரிந்தது. சேதி மேலே போய்விட்டது என்று அர்த்தம். காத்திருந்தார்கள்.

"உன் வீட்டுக்காரர் தூங்கறாரா?" என்றாள் இஸ்திரி அக்கா. இருபது வருஷமாக இஸ்திரி மேசையில் நிற்பவள், ஐந்து பேரில் மூத்தவள்.

"அவரு உக்காந்துட்டே தூங்கற ஆளு இல்லக்கா. வேலை இருக்கும்."

அவள் தொலைபேசியை எடுத்தாள். மேலே பேச்சில் இருந்தது. மறுபடி எடுத்தாள். அப்போதும் பேச்சு. செல்ஃபோன்கள் அந்த அடித்தளத்தில் வெறும் டார்ச் லைட்டுகள். மூன்றாம் தடவை எடுத்தபோது தொலைபேசியில் சத்தமே இல்லை. சுவரடிப் பெட்டிக்குள் தண்ணீர் போயிருந்தது. இப்போது தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. அழுக்குத் துணி வண்டிகள் தாமாகவே நகர்ந்து வந்து அவர்களை மெல்ல இடித்தன.

கதவுக்குப் பக்கத்தில் தீ அபாயத்துக்கான கண்ணாடிப் பெட்டி இருந்தது. உடைத்தால் ஒன்றாம் வகுப்பு. கட்டடத்தின் எல்லாப் பூட்டும் திறந்துகொள்ளும். அவளுக்கு அது தெரியும். மற்றதும் தெரியும், சாப்பிடும்போது அவர் வேலையைப் பற்றித்தானே பேசுவார்.

"அதை உடைச்சா காத்தாடி எல்லாம் அணைஞ்சுடும், லிஃப்ட் எல்லாம் தரைத்தளத்துக்கு ஓடி வந்து நின்னுடும்க்கா. அவரு மறுபடி விடற வரைக்கும் அசையாது. உள்ள நோயாளி யாராச்சும் இருந்தா?"

"இங்க உள்ள இருக்கறது நாமதான்டி. உடை."

உடைத்தாள். அப்போது மூன்று மணி நாலு நிமிஷம்.

மேலே, ஆறாவது மாடி ஆபரேஷன் அறையிலிருந்து ஒரு நோயாளியை மூன்றாவது மாடித் தீவிர சிகிச்சைக்கு இறக்க லிஃப்டைப் பிடித்து வைத்திருந்தார் வரிசைக்காரர். திரையின் உச்சியில் சிவப்பாக ஒரு வரி வந்தது: தீ, சலவைக்கூடம். அதன் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள்: மெய், பொய். தொண்ணூறு விநாடிக்குள் அவர் ஒன்றை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் ஏற்பாடு அதை மெய் என்றே எடுத்துக்கொள்ளும்.

அந்த வருஷத்தில் மூன்று தடவை அந்தக் கண்ணாடி உடைந்திருந்தது. மூன்று தடவையும் தள்ளுவண்டி இடித்து. இந்த அடைமழையில் தீயா? அங்கே நோயாளி லிஃப்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்.

"மறுபடியும் வண்டியை விட்டு மோதிட்டாளுங்க" என்று முனகிக்கொண்டே 'பொய்' என்பதை அமுக்கினார். பொய் என்று முடிவான கண்ணாடி பத்து நிமிஷத்துக்கு வாய் திறக்காது.

அமுக்கிய விரலை எடுக்கும்போதுதான் சுவர்க் கடிகாரம் கண்ணில் பட்டது. மூன்று ஐந்து.

மணி அடிக்கவில்லையே.

பதினெட்டு வருஷத்தில் அவள் தவறவிட்டது இரண்டே நாள். இரண்டு நாளும் காய்ச்சல். மேலாளர் பேசிக்கொண்டிருந்த தொலைபேசியை அப்படியே அமுக்கிவிட்டு, சலவைக்கூடத்துக்குப் போட்டார். ஒரு சத்தமும் இல்லை. செத்த கம்பியின் மௌனம் எப்படி இருக்கும் என்று அந்த வேலையில் இருப்பவனுக்குத் தெரியும்.

எழுந்தார். ஓடினார்.

அந்த அறையை விட்டு ஆள் மாற்றாமல் அவர் எழுந்தது அதுதான் முதல் தடவை. படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து, முட்டி கதற, ஏழு மாடியும் இறங்கி அடித்தளத்துக் கதவின் முன்னால் போய் நின்றார். இவ்வளவு வருஷத்தில் எத்தனையோ தடவை அவர் மேலேயிருந்து திறந்த கதவு. நேரில் அதன் முன்னால் நின்றதே இல்லை. நடுவில் கையகலக் கண்ணாடி. அதன் பாதிவரை கறுப்பாகத் தண்ணீர். அதற்கு மேலே அவள் முகம்.

இழுத்தார். அசையவில்லை. பக்கத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அந்தச் சேதி ஏழாவது மாடிக்குப் போகிறது. காலி நாற்காலிக்கு முன்னால், எட்டு வரிக்குக் கீழே, ஐந்தாம் வகுப்பில், ஏறவே முடியாத இடத்தில் போய் நிற்கிறது. அதைத் திறக்கக்கூடிய ஒரே ஆள் இங்கே கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறான்.

இன்னொன்றும் விளங்கியது. அது இதைவிடப் பொல்லாதது. அந்த நாற்காலியில் அவர் இல்லாமலே இருந்திருந்தால், அவள் உடைத்த கண்ணாடியே தொண்ணூறு விநாடியில் இந்தக் கதவைத் திறந்திருக்கும்.

படிக்கட்டுப் பக்கமும் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதன்முன் கை ஓங்கியவர் ஒரு கணம் நின்றார். லிஃப்ட். ஆறாவது மாடியிலிருந்து மூன்றாவது மாடிக்கு நாற்பது விநாடிதான். 'போய்ச் சேர்ந்திருப்பாங்க' என்று தனக்குத்தானே சொன்னார். முழங்கையால் உடைத்தார்.

மேலே திரையில் சிவப்பு வரி வந்திருக்கும். மெய்யா பொய்யா என்று கேட்டிருக்கும். பதில் சொல்ல ஆளில்லை.

அவர் எண்ண ஆரம்பித்தார். அவள் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் டார்ச் வெளிச்சம் ஆடியது. முப்பதில் தண்ணீர் அவள் கழுத்தைத் தொட்டது. ஐம்பதில் அவள் முகத்தை மேலே தூக்கினாள். கண்ணாடியில் தாடை மட்டும் தெரிந்தது. எழுபத்தைந்தில் கை மட்டும் தெரிந்தது. எண்பதுக்கு மேல் அவரால் எண்ண முடியவில்லை.

பூட்டு 'டக்'கென்றது.

கதவும் தண்ணீரும் அவர்மேல் ஒன்றாக விழுந்தன. அவள், இஸ்திரி அக்கா, மற்ற மூவர். ஐந்து பேரும் படிகளைப் பிடித்துத் தவழ்ந்து ஏறினார்கள். அவள் இருமி இருமித் தண்ணீரைத் துப்பினாள். அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கிக் காது கொடுத்தாள். கட்டடத்தில் எப்போதும் கேட்கிற காற்றாடி இரைச்சல் நின்றுபோயிருந்தது.

"மேல போங்க" என்றாள். "நாற்காலி காலியா இருக்கு."

தரைத்தளத்துக்கு ஏறி வந்தார். லிஃப்ட் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே தள்ளுகட்டில். நர்ஸம்மா ஒருத்தி நோயாளியின் வாயில் பொருத்திய ரப்பர் பையை அமுக்கி விட்டுக்கொண்டிருந்தாள். அமுக்கினால் மார்பு எழுந்தது; விட்டால் இறங்கியது. பெரிய டாக்டர் எல்லாப் பொத்தான்களையும் மாறி மாறி அமுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆக்ஸிஜன் சிலிண்டர் மாத்த ரெண்டு நிமிஷம் ஆச்சு. இப்பதான் ஏறினோம், நேரா இங்க வந்து நின்னுடுச்சு" என்று திரும்பியவர், சொட்டச் சொட்ட நிற்பவரைப் பார்த்தார். முகம் மாறியது. "வரிசைக்காரரே? நீங்க இங்க இருந்தா, மேல யாரு?"



"இந்தச் சிலிண்டர் பத்து நிமிஷம்தான் வரும்" என்றாள் நர்ஸம்மா. கை நிற்கவில்லை.

அவர் படியைப் பார்த்து ஓடினார். இரண்டாவது மாடியில் யாரோ, "வரிசைக்காரரே, எங்க ஃப்ரிட்ஜ்..." என்றார்கள். மூன்றாவதில் மேலாளரின் ஆள் கையை நீட்டி மறித்தான், தள்ளிவிட்டு ஏறினார். நான்காவதில் முட்டி மடங்கியது. கைப்பிடியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படியாக இழுத்தார். கீழேயிருந்து, குழாய் போலிருந்த அந்தப் படிக்கட்டு வழியாக, ரப்பர் பை அமுங்குகிற சத்தம் ஏறி வந்துகொண்டே இருந்தது.

மேலேயிருந்து தொலைபேசி அடித்தது. நிற்காமல் அடித்தது.

ஐந்தாவது மாடித் திருப்பத்தில் அவர் மூச்சை அடக்கிக் காது கொடுத்தார். தொலைபேசிதான் கேட்டது. கீழேயிருந்து வந்த ரப்பர் பைச் சத்தம் கேட்கவில்லை.