ஒரு கை அகலப் பட்டை

பஸ் டிரைவர் வீட்டுப் பின்பக்கக் கேட்டுக்குப் பூட்டு என்று ஒன்று இருந்ததில்லை. டிரைவர் இருந்தவரை அதற்கு அவசியம் வரவில்லை. அவர் போன பிறகு, பூட்ட வேண்டும் என்று அவர் மனைவிக்குத் தோன்றவில்லை.

கேட்டுக்கு உள்ளே, துணி துவைக்கும் கல்லை ஒட்டி அந்த மகோகனி மரம் நின்றது. ஆப்பிரிக்கக் காட்டு மரம். டிப்போவில் யாரோ கன்றுகள் கொடுத்தார்கள் என்று டிரைவர் ஒன்றை வாங்கி, எஞ்சின் மேல் வைத்து, கடைசி நிறுத்தம் வரை கொண்டுவந்தார். அதற்கும் டிக்கெட் கிழிக்கட்டுமா என்று கண்டக்டர் கேட்டாராம். அப்படி வந்தது இப்போது மாடி ஜன்னலைத் தாண்டி நிற்கிறது. ஒருவர் கட்டிப்பிடித்தால் கைவிரல்கள் மறுபக்கம் தொட்டுக்கொள்ளாது.

அதன் பட்டை கடுங்கசப்பு. கொதிக்கவைத்துக் குடித்தால் காய்ச்சலுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, அக்கம்பக்கமெல்லாம் அதை நம்பியது. டாக்டர் மாத்திரை ஒரு பக்கம், இந்தக் கசப்புத் தண்ணீர் ஒரு பக்கம். எது வேலை செய்ததோ, காய்ச்சல் விட்டால் நன்றி மரத்துக்கு.

பட்டை கேட்டு வருகிறவர்களை டிரைவர் மரத்தைத் தொட விடமாட்டார். தானே கத்தியோடு வருவார். "யாருக்குக் காய்ச்சல்?" என்பார் முதலில். மாமியாருக்கு என்று பதில் வந்தால், "அப்போ கசப்பு நல்லா ஏறின இடமாப் பார்த்துத் தர்றேன்" என்பார். நெடுக்குவாட்டில் ஒரு கை அகலம் எடுப்பார். அந்தக் காயம் மூடும்வரை பக்கத்தில் கத்தி வைக்கமாட்டார். ஈரக் களிமண்ணைக் குழைத்து அப்பிவிடுவார். மறுநாள் அந்தத் தெருமுனையில் பஸ்ஸை மெதுவாக்கி, "விட்டுச்சா?" என்று சத்தம் கொடுப்பார். யார் வீட்டில் என்ன காய்ச்சல் என்பது பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

ஒரு நாள் காலையில் ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

அதற்குப் பிறகு அவர் மனைவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது. அழுவாள் என்று சொந்தக்காரர்கள் காத்திருந்துவிட்டு ஊருக்குத் திரும்பினார்கள். அவள் சமைத்தாள், பாத்திரம் துலக்கினாள், மகனுக்கு டப்பா கட்டினாள். மாலையில் பஸ் தெருமுனையில் திரும்பும் ஹார்ன் கேட்டதும் அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைப்பாள். தண்ணீர் கொதித்த பிறகுதான் நினைவு வரும். அணைத்துவிடுவாள். துக்கம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. வெகுநேரம் மடித்து வைத்த கால் போல, தன்னுடையதுதான் என்று தெரிந்தும் தொட்டால் தெரியாத மாதிரி இருந்தது.

பின்வாசலில், "அக்கா, பட்டை கொஞ்சம் வேணும்" என்று குரல் வரும்.

"எடுத்துக்கோங்க" என்பாள் அடுக்களையிலிருந்தே. வெளியே வந்ததில்லை. யார் என்று எட்டிப் பார்த்ததில்லை. யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டதுமில்லை.

இல்லை என்று ஒருவரையும் அனுப்பவில்லையே, அது நல்ல மனசுதானே என்று நமக்குத் தோன்றும். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள், நினைத்திருந்தால்.

எதிர்வீட்டுத் தையல்காரி ஒரு நாள் காலை மாமனாருக்காகப் பட்டை எடுக்க வந்தாள். ஏற்கெனவே ஒருமுறை எடுத்தவள். பழைய காயத்தை அகலமாக்கக் கூடாது, பாவம், புதிதாக ஓர் இடம் பார்ப்போம் என்று மரத்தைச் சுற்றினாள். சுற்றிக்கொண்டே போய், புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றாள். கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அங்கே பார்க்க யாருமே இல்லை.

"அக்கா, கொஞ்சம் வெளிய வாங்க."

"எடுத்துக்கோ."

"எடுக்கறதுக்கு இல்லக்கா. வாங்க."

அவள் ஈரக் கையோடு வந்து பார்த்தாள். மார்பளவு உயரத்தில் மரத்தைச் சுற்றிப் பட்டையே இல்லை. வெறும் மரம் வளையமாகத் தெரிந்தது. ஒரு கை அகலம், அதன் பக்கத்தில் இன்னொரு கை அகலம். ஒருவரும் பேராசைப்படவில்லை. அடுத்தவர் வெட்டிய இடத்தில் மறுபடி வெட்டக் கூடாது என்று ஒவ்வொருவரும் பார்த்துப் பார்த்துப் புது இடம் தேடியிருக்கிறார்கள். நிற்கிறவருக்குக் கை எட்டுகிற உயரம் எல்லோருக்கும் ஒன்றுதான். அத்தனை பேருடைய கருணையும் கைகோத்து மரத்தை வளைத்துவிட்டது.

"நான் ஒரே ஒரு கை தான்கா எடுத்தேன்" என்று தையல்காரி அழுதாள்.

"சரி, பரவாயில்ல" என்றாள் அவள். அழுகிறவளைப் பார்த்தபோது, இவளுக்கு இது எங்கிருந்து வருகிறது என்று மட்டும் தோன்றியது.

மகன் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்க்காமல் பேசமாட்டான். மாலையில் வந்து, வளையத்தை விரலால் தடவிப் பார்த்தான். மரக்கடைக்காரரிடம் போனில் பேசினான். பிறகு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"சுத்திப் பட்டை போச்சுன்னா மரம் நிக்காதாம்மா. காய்ஞ்சு நின்னா வண்டு விழுந்துடுமாம். பச்சையாவே அறுத்துட்டா பலகையாவது மிஞ்சும். அப்பா சொல்லிட்டே இருப்பாரே, ரிட்டயர் ஆனதும் இதுல உனக்கு ஒரு கட்டில்னு. நான் பண்ணித் தர்றேன். நாளைக்குக் காலைல ஆள் வருது."

"இன்னும் பத்து வருஷம் போனாத்தான் உள்மரம் சிவக்கும்னு சொல்லுவார்."

"அதுக்கு மரம் இருக்கணும்ல?"

"சரி" என்றாள்.

"சரின்னா என்னம்மா? உனக்குச் சம்மதமா, இல்ல நான் சொல்றேன்னு சொல்றியா?"

"ரெண்டும் தான். சாப்பிட வா."

மறுநாள் ரம்பக்காரர் வந்தபோது அவர் பின்னாலேயே தையல்காரி, செடி விற்கும் நர்சரிக்காரரை இழுத்துக்கொண்டு வந்தாள். இழுத்துக்கொண்டு என்பது சும்மா சொல்வதில்லை. அவருக்கு முழங்கால் வலி. சட்டையைப் பிடித்தே கொண்டுவந்தாள்.

"விடும்மா, சட்டை கிழிஞ்சா நீயே தைச்சுக் காசு கேப்பே" என்றபடி வந்தவர், மரத்தைப் பார்த்ததும் சட்டையை மறந்தார். மெல்லச் சுற்றி வந்தார். பின்பக்கம் ஓர் இடத்தில் நின்று தலையைச் சொறிந்தார்.

"இந்தத் துண்டு நான் எடுத்தது. போன மாசம். பின்பக்கமா வந்தேன், பின்பக்கமா எடுத்துட்டுப் போயிட்டேன். முன்னால என்ன ஆச்சுன்னு பாக்கலை. மரம் வளர்த்துப் பிழைக்கிறவன் நான், என்னையே எதால அடிக்கிறதுன்னு தெரியலை."

"பிழைக்குமா?" என்றான் மகன்.

"தெரியாது தம்பி. மாமரத்துல எலி இப்படிச் சுத்திக் கடிச்சதுக்கு ஒட்டுக் கட்டியிருக்கேன். கீழ்ப்பட்டைக்கும் மேல்பட்டைக்கும் நடுவுல குச்சியப் பாலமா வைக்கிறது. நாலு வெச்சா ரெண்டு பிடிக்கும். மகோகனிக்குக் கட்டினதில்லை. பிடிக்கலைன்னா ரெண்டு மாசம் தள்ளி அறுக்க வேண்டியதுதான். அப்போ பலகை இந்தளவுக்குத் தேறாது. அதையும் சொல்லிடறேன்."

ரம்பக்காரருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கயிற்றைத் தோளில் மாட்டியபடி டிரைவர் மனைவியைக் கேட்டார். "அம்மா, எந்தப் பக்கம் சாய்க்கலாம்? உங்க வீடு, நீங்க சொல்லுங்க."

எப்படியோ பண்ணுங்க என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் நர்சரிக்காரர் தனக்குத்தானே முனகினார்.

"மேல தண்ணி போயிட்டுத்தான் இருக்கு. இலையெல்லாம் ஜோரா இருக்கு. கீழ வேருக்குத்தான் சோறு இறங்கலை. மரத்துக்கே இன்னும் விஷயம் தெரியாது."

"தெரியாதா?" என்றாள் அவள்.

"மேல பாருங்க தங்கச்சி."

பார்த்தாள். எல்லா இலையும் பச்சை. காற்று வந்த பக்கமெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தன. அவள் வெகுநேரம் அண்ணாந்தே நின்றாள். கழுத்து வலித்தது. வலிக்கிறது என்பதை ஏதோ தூரத்துச் செய்தி போலக் கவனித்தாள்.

"கொஞ்சம் இருங்க" என்றாள் ரம்பக்காரரிடம். பிறகு மகனிடம், "கட்டில் அப்புறம் பாத்துக்கலாம்டா. நான் தரையில நல்லாத்தான் தூங்கறேன்."

அவள் தூங்குவதில்லை என்பது மகனுக்குத் தெரியும். யாரும் கேட்காமல் அவள் வாயிலிருந்து இத்தனை வார்த்தை வந்து எத்தனையோ நாளாயிற்று என்பதும் தெரியும். அதனால் போய் ஏணியைக் கொண்டுவந்தான்.

பாரம் குறைய வேண்டும் என்று மேல்கிளைகள் சிலவற்றை ரம்பக்காரர் இறக்கிக் கொடுத்தார். வந்த வேலை இல்லாமல் போனதில் முணுமுணுத்தார். ஆனாலும் கிளை எதுவும் மரத்தின் மேல் உரசாதபடி கயிறு கட்டித்தான் இறக்கினார். நர்சரிக்காரர் இளங்குச்சிகளாகப் பார்த்து வெட்டினார்.

"இதுல ஒரே ஒரு சங்கதி. மேல்முனை மேலேயே இருக்கணும். தலைகீழா வெச்சா செத்தாலும் பிடிக்காது. வெட்டினதுக்கப்புறம் எது தலை எது கால்னு எனக்கே கண்ணு தெரியாது."

தையல்காரி வீட்டுக்கு ஓடிப்போய்ச் சிவப்பு நூல்கண்டை எடுத்துவந்தாள். குச்சி வெட்ட வெட்ட மேல்முனையில் ஒரு முடிச்சுப் போட்டாள். முடிச்சுப் போட்டதை டிரைவர் மனைவி வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, கேட்கும்போது எடுத்துக் கொடுத்தாள். நர்சரிக்காரர் குச்சியின் இரு முனைகளையும் சீவி, கீழ்ப்பட்டைக்குள் ஒன்றும் மேல்பட்டைக்குள் ஒன்றுமாகச் செருகி, சின்ன ஆணி அடித்து, மெழுகு பூசினார். நடுவில் வில் மாதிரி லேசாக வளைத்துவிட்டார். காற்றில் மரம் ஆடினால் குச்சி பிடுங்கிக்கொள்ளக் கூடாதாம்.

"மரத்துக்குப் பூணூல் போட்ட மாதிரி இருக்கு" என்றார் ரம்பக்காரர். தையல்காரி சிரித்துவிட்டாள். டிரைவர் மனைவி சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த குச்சியைக் கொடுக்கும்போது சிவப்பு முடிச்சு மேலே இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தாள்.

அறுத்த கிளைகளின் பட்டையை மகன் உரித்து மொட்டைமாடியில் காயப்போட்டான். அது ஒரு சாக்கு நிறையத் தேறியது.

பின் வந்த நாட்களில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. பாலக் குச்சியில் துளிர் விட்டால் கிள்ளிவிட வேண்டும். அதன் வேலை மேலிருந்து கீழே சோறு கொடுப்பது, இலை விடுவது இல்லை என்று நர்சரிக்காரர் சொல்லியிருந்தார். காலையில் டீயோடு போய் நின்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். சில குச்சிகள் சுருங்கிக் கறுத்தன. அவற்றைப் பார்த்தபோதும் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. இரண்டு மட்டும் பச்சை மாறாமல் இருந்தன. மழை தொடங்கியபோது அவற்றில் ஒன்று கொஞ்சம் பருத்த மாதிரி இருந்தது. நர்சரிக்காரர் வந்து நகத்தால் கீறிப் பார்த்தார். "உசிர் இருக்கு. இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்லுவேன். அடுத்த மாசம் இன்னும் ரெண்டு கட்டுவோம்" என்றார்.

ஒரு மாலை பின்வாசலில் புதுக்குரல் ஒன்று கேட்டது.

"யாரும்மா வீட்ல? பட்டை கொஞ்சம் கிடைக்குமா?"

எடுத்துக்கோங்க என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தாள். இளம்பெண் ஒருத்தி, குடையை மடக்கத் தெரியாமல் மடக்கிக்கொண்டு நின்றாள். மறுகையில் கத்தி.

"மரத்துல கை வைக்காதீங்க. நான் தர்றேன்."

மாடிக்குப் போய்ச் சாக்கிலிருந்து காய்ந்த பட்டை எடுத்துவந்து கொடுத்தாள். பெண் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

கொடுத்தாயிற்று. இந்த எட்டு மாதமும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். கொடுப்பதோடு முடிந்துவிடுவதில்லை என்பதைக் கடவுள் அவளுக்கு ஒரு மரத்தைக் காட்டிச் சொல்ல வேண்டியிருந்தது.

"யாருக்குக் காய்ச்சல்?" என்றாள்.

பெண் நின்றாள். ஒரு வார்த்தை கேட்பதற்காகவே காத்திருந்தவள் போலச் சொல்ல ஆரம்பித்தாள். அவள் புருஷனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சலாம். பேக்கரியில் வேலையாம், லீவு தரமாட்டார்களாம். டாக்டரிடம் காட்டியாயிற்றாம், ஆனாலும் இரவெல்லாம் பிதற்றுகிறானாம். தெருவுக்குப் புதிது, யாரையும் தெரியாது. மழை மறுபடி பிடித்தது. இருவரும் மரத்தடியில் நின்றார்கள். அவள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லத் தெரியாத இடங்களில் ம் கொட்டினாள்.

"நாளைக்கு வந்து சொல்லு, விட்டுச்சான்னு" என்றாள் கடைசியில். "வராட்டி நான் வந்து கேப்பேன். எந்த வீடு?"

பெண் கை நீட்டிக் காட்டினாள். சந்து முனையில், வெளிறின பச்சைக் கதவு.

அவள் உள்ளே வந்து தலையைத் துவட்டினாள். சன்னலில் இருட்டிவிட்டது. பஸ் எப்போது திரும்பியது, ஹார்ன் அடித்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுப்பு பற்றவைக்காமலே இருந்தது. சற்று நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, மகன் வருகிற நேரம் என்று டீக்குத் தண்ணீர் வைத்தாள்.