முன்னறைக் கடல்

கார்ன்வால் கரையிலுள்ள ட்ரெகாரன் ஊரில் லவ்டே நான்கெர்விஸின் வீட்டு முன்னறையில், 1944 பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி சனிக்கிழமையிலிருந்து, நாளுக்கு இரண்டு தடவை கடல் ஏறி இறங்கியது. வீடு குன்றின் உச்சியில் இருந்தது. துறைமுகத்திலிருந்து ஏற நூற்றுப் பத்துப் படிகள். ஆகவே ஊர்க் கடல் உள்ளே புகுந்துவிட்டது என்று சொல்ல வழியில்லை. ஊர்க் கடலுக்கு ஒரு நேரம், இதற்கு வேறு நேரம். ஊர்க் கரையில் கருஞ்சரளை; இங்கே தண்ணீர் வற்றினால் தங்குவது மஞ்சளும் சாம்பலும் கலந்த பொடிமணல். சன்னல் பக்கமிருந்து வரும், கணப்பு அடுப்பின் ஓரம் வரை ஏறும், நிலைப்படியைத் தாண்டி ஒரு சொட்டும் கூடத்துக்கு வராது. சுவர்க் காகிதம் நனையவில்லை. பியானோ மட்டும் கொஞ்சம் சுருதி இறங்கிவிட்டது என்று லவ்டே குறைப்பட்டுக்கொண்டாள். அறை பதினான்கு அடி நீளம்தான். ஆனால் தண்ணீர் ஏறிய பிறகு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தால் கால் மணி நேரம் பிடித்தது. ஊரில் இதைப் பற்றி ஒருவரும் பெரிதாகப் பேசவில்லை, சண்டைக் காலத்தில் இதைவிட விசித்திரமான உத்தரவுகள் எல்லாம் வந்துகொண்டிருந்தன.

காரணம் லவ்டேக்கு மட்டும் தெரியும், அதனால் அவள் வாயைத் திறக்கவில்லை. மரைன் கமாண்டோக்களுக்கு அந்தக் காலத்தில் பாசறை கிடையாது. ஊருக்குள் வீடு பார்த்துக் குடியிருந்து, காலையில் நாலு மணிக்குக் கூப்பிட்டாலும் நனைந்த துணியோடு போய் நிற்க வேண்டும். லவ்டே வீட்டில் மூன்று பேர். சார்ஜண்ட் ரூபன் ஆக்லி, இடது கால் கட்டைவிரலை இழுத்து இழுத்து நடப்பவன். ஹியூ கார்சைட், லங்காஷயர்ப் பண்ணையாள், வாசல்கதவுக்குள் பக்கவாட்டில் நுழைந்தால்தான் நுழைய முடியும். பெர்சி டிட்மார்ஷ், லண்டன்காரன், அஞ்சேகால் அடி, அதில் பாதி வாய். கமாண்டோக்கள் இருவர் இருவராகத்தான் எதையும் செய்வார்கள். ஒருவன் தின்றால் மற்றவன் காவல். படைப்பிரிவில் யாரோ குறும்புக்காரன் கார்சைடையும் டிட்மார்ஷையும் ஜோடி சேர்த்துவிட்டான். மூன்று பேரும் லவ்டேயை 'மா' என்றார்கள், அவள் மூன்று பேரையும் 'என் ராசா' என்றாள், கார்ன்வால் பெண்கள் மீன்காரனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பூட்ஸை வாசலிலேயே கழற்ற வேண்டும் என்பது அவள் வீட்டுச் சட்டம். கழற்றாமல் வந்தவனின் தடத்தைத் தரையில் பார்த்தே பெயர் சொல்லித் திட்டுவாள்.

சார்ஜண்ட் ஆக்லியை அவ்வப்போது யாரோ இரவல் வாங்கிப் போவார்கள். சின்ன நீர்மூழ்கி ஒன்றில் எதிரியின் கரைக்கு அருகே கொண்டுபோய் விடுவார்கள்; ரப்பர் உடுப்போடு நீந்திப் போய், மணலைத் துளைத்துக் குழாய்களில் அடைத்து, சரிவை அளந்து, விடிவதற்குள் திரும்ப வேண்டும். டாங்கிகளை இறக்கினால் மணல் தாங்குமா, புதையுமா என்று அறிய அதுதான் வழி. கொண்டுவந்த மணலில் ஒரு துணுக்குகூட விடாமல் ஒப்படைத்துவிட வேண்டும் என்பது கண்டிப்பான உத்தரவு. ஆக்லி குழாய்களை எல்லாம் ஒப்படைத்தான், இடது காலுறையை மறந்துவிட்டான். வெள்ளிக்கிழமை மத்தியானம் லவ்டே துவைக்க எடுத்து உதறினாள், முன்னறையில் ஒரு கைப்பிடி மணல் கொட்டியது. அந்த நேரம் பார்த்து பாதிரியார் தேநீருக்கு வந்து கதவைத் தட்டினார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவள் செய்யாத காரியத்தை அன்று செய்தாள்: மணலைக் கம்பளத்துக்கு அடியில் தள்ளிவிட்டாள். மறுநாள் காலை கம்பளத்துக்கு அடியிலிருந்து கடல் வந்தது.

ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் பழகிவிட்டது. கார்சைட் ஏற்றத்தில் குளித்தான், வற்றத்தில் டிட்மார்ஷ் வாளி நிறைய மட்டி பொறுக்கினான். அடுத்த வீட்டுக்காரி உருளைக்கிழங்கு வேகவைக்க ஒரு குடுவை உப்புத் தண்ணீர் கடன் கேட்டு வந்தாள், ரேஷன் காலத்தில் அதுவும் லாபம். ஆக்லி மட்டும் சிரிக்கவில்லை. வற்றத்தில் ஒரு பிடி அள்ளி விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தான், முகம் வெளுத்துப்போய் நேரே தன் மேலதிகாரி மேஜர் பெல்ஹாமிடம் ஓடினான். எந்தக் கரையில் இறங்கப்போகிறோம் என்பது மந்திரிகளுக்கே தெரியாத ரகசியமாக இருந்தபோது, அந்தக் கரை ஒரு விதவையின் முன்னறையில் காலையும் மாலையும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மேஜர் வாசலில் ஒரு காவலாளியை நிறுத்தி, யார் கேட்டாலும் உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொன்னார். அறைக்குள் அலை அடித்துக்கொண்டிருக்க, அந்த ஆளும் அப்படியே சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் ட்ரெகாரன்காரர்களைக் குறை சொல்லக்கூடாது. ஊரே அறிந்த விஷயம் ஊரைத் தாண்டவில்லை. ரொட்டிக்காரர் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை, அவளுக்கு அது முன்பே தெரியும்.

மார்ச் கடைசியில் ஒருநாள், ஏற்றம் பாதி வந்திருந்தபோது, பியானோ மேலிருந்த கணவரின் படத்தை எடுக்க லவ்டே கணப்புப் பக்கமிருந்து இறங்கினாள். முழங்கால், இடுப்பு என்று வந்த தண்ணீர் திடீரென்று கழுத்தை முட்டியது. திரைச்சீலையைப் பிடித்துத் தொங்கித் தப்பினாள். மாலையில் தேநீரோடு அந்தக் கோபத்தையும் சேர்த்துப் பரிமாறினாள்.

"எவன்டா என் முன்னறையில பள்ளம் வெட்டினது? கணப்புக்கும் பியானோவுக்கும் நடுவுல ஆள முழுங்குற பள்ளம். அந்தாண்ட பியானோ நிக்கிற இடத்துல பாத்தா, கணுக்கால் தண்ணிகூட இல்ல!"

ஆக்லி கோப்பையைக் கீழே வைத்தான். அவன் அளந்தது அங்கிருந்து முந்நூறு கஜம் கிழக்கே. அங்கே பள்ளம் இல்லை. படகுகள் போய் முட்டப்போவதோ பியானோ நின்ற அந்தத் திட்டில். முட்டினதும் கரை வந்துவிட்டது என்று நினைத்து ஓட்டுபவன் முன்கதவை இறக்குவான். எண்பது ராத்தல் மூட்டையோடு குதித்து நாலு எட்டு ஓடுவார்கள். ஐந்தாவது எட்டில் பள்ளம். நீச்சல் தெரிந்தவனும் அந்த மூட்டையோடு எழுந்திருக்க மாட்டான். இதை அவன் மெதுவாகச் சொல்லி முடித்தான்.

"அதுக்கென்ன சார்ஜண்ட்," என்றான் டிட்மார்ஷ். "நான் முன்னால குதிக்கிறேன். என் தொப்பி எங்க மிதக்குதோ, அங்க மட்டும் நீங்க குதிக்காதீங்க."

"நீ குளிக்கிற தொட்டியிலயே மூழ்குற ஆளு," என்றான் கார்சைட். "பேசாம ரொட்டியத் தின்னு."

அன்றிலிருந்து லவ்டேக்குக் கவலை ஒன்றே ஒன்றுதான்: இந்த மூன்று பேரும் அந்தப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். சண்டையில் யார் ஜெயிப்பது, தோற்பது எல்லாம் அதற்குப் பிறகு.

மேஜர் பெல்ஹாம் நல்ல மனிதர், ஆனால் லண்டனில் ஏழு குழுக்கள் ஒப்புக்கொண்ட திட்டத்தை ஒரு முன்னறையை நம்பி மாற்ற அவருக்குத் துணிவு வரவில்லை.

"மேடம், வானத்துலேருந்து எடுத்த நாப்பது போட்டோ இருக்கு. ஒண்ணுலயும் பள்ளம் இல்ல."

"போட்டோவுல பாத்தா எனக்கே முப்பத்தஞ்சு வயசுன்னுதான் சொல்வாங்க, மேஜர். மூட்டைய மாட்டுங்க."

கார்சைடின் மூட்டையை அவர் முதுகில் மாட்டி, ஏற்றம் பாதி வந்த நேரம் பார்த்து, தோட்டத்துப் பக்கமாக அழைத்துப்போய்ச் சன்னல் வழியே இறக்கிவிட்டாள். மேஜர் பியானோவுக்கு அருகே இறங்கினார். தண்ணீர் பூட்ஸின் நாடாவைக்கூடத் தொடவில்லை. அவருக்கு முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா மேடம், கெட்டித் தரை. அப்படியே நடந்து போய்ட..."

ஆழம் தெரியாமல் காலை விட்டால் என்ன ஆகும் என்பதை அதற்குமேல் யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. தொப்பி மட்டும் கணப்பை நோக்கி மிதந்து வந்தது. கார்சைட் பாய்ந்து காலரைப் பிடித்துத் தூக்கினான். கூடத்துப் படியில் உட்கார்ந்து மூன்று கோப்பைத் தேநீர் குடித்த பிறகு மேஜர், போட்டோவில் இது இல்லை என்று ஒரே ஒரு தடவை சொன்னார், எழுந்து போய் அறிக்கை எழுதினார். அதில் முன்னறை என்ற சொல்லே கிடையாது, 'நம்பத்தகுந்த தனியார் இடம்' என்று இருந்தது. முதல் முட்டலில் கதவை இறக்கக்கூடாது, தண்ணீர் ஏறும்வரை நாற்பது நிமிஷம் தாமதித்து வந்து திட்டுக்கு மேலாக ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று திட்டம் திருத்தப்பட்டது. நாற்பது நிமிஷம் என்றால் அவ்வளவு நேரமும் எதிரிப் பீரங்கியின் கண்ணெதிரே கடலில் நிற்க வேண்டும். அதோடு, குண்டு விழும்போது ஓட்டுபவனின் கை தானாக அந்தக் கதவுக்குப் போகும் என்று ஆக்லி சொன்னான். அதற்கு எந்த அறிக்கையும் உதவாது.

மே மாதம் மூன்று பேரையும் முள்வேலி போட்ட முகாமுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். லவ்டே ஆளுக்கு ஆறு குங்குமப்பூ ரொட்டி கொடுத்தனுப்பினாள், குங்குமப்பூ எங்கிருந்து கிடைத்தது என்று ஊர் கேட்கவில்லை. ஜூன் முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முன்னறைத் தண்ணீர் வழக்கம்போல் வரவில்லை. நடுங்கிக்கொண்டு வந்தது. எண்ணெய் கருகும் நாற்றம் வந்தது. லவ்டே நிலைப்படியில் உட்கார்ந்தாள். பியானோ நின்ற திட்டு மூழ்கியது. பள்ளத்தின் மேல் தண்ணீர் மட்டமாகப் பரவியது. கடிகாரம் ஏழே முக்கால், எட்டு, எட்டே கால் என்று போயிற்று. பிறகு கணப்புக்கு முன்னால், இன்னும் நனையாத மணலில், பூட்ஸ் தடங்கள் விழத் தொடங்கின. கால்கள் இல்லை, தடங்கள் மட்டும்; பத்து, இருபது, நூறு என்று கடலிலிருந்து ஓடி வந்து சுவருக்குள் போயின.

"பாக்காதீங்கம்மா, உள்ள வந்து உக்காருங்க," என்றார் காவலாளி.

"நீ சும்மா இருய்யா. என் வீட்டுப் பூட்ஸ் எனக்குத் தெரியாதா?"

கட்டைவிரல் இழுத்த இடது தடம் வந்தது. ரூபன் தாண்டிவிட்டான். அவள் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் தேடினாள். கார்சைடின் தடத்தைத் தேடவே வேண்டியதில்லை, அது சோற்றுத் தட்டு அளவு இருக்கும். அது வரவில்லை. தடங்கள் குறைந்தன, நின்றுபோயின. கால் மணி நேரம் மணல் வெறுமனே கிடந்தது. தன் வாழ்நாளிலேயே அதைவிட நீளமான கால் மணி நேரம் இல்லை என்று லவ்டே பின்னால் சொன்னாள்.

பிறகு தண்ணீர் ஓரத்தில் ஒரு தடம் விழுந்தது. சின்னத் தடம், ஆனால் பாரவண்டிக் குதிரை மிதித்ததுபோல் ஆழம். அடுத்தது கோணலாக விழுந்தது. அதற்கடுத்தது தடுமாறி நின்று, மறுபடி கிளம்பியது. யாருடையது என்று அவளுக்கு முதலில் பிடிபடவில்லை. அளவு டிட்மார்ஷின் அளவு. கனம்தான் அவன் கனம் இல்லை, இரண்டு மூன்று ஆள் கனம். சட்டென்று விளங்கியது. லவ்டே எழுந்து நின்று, அழுகையும் சிரிப்புமாக, அந்தத் தடங்களைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"அடப் பாவி, அவ்வளவு பெரிய மாட்டத் தூக்கிக்கிட்டு ஓடுறியே, இடுப்பு ஒடிஞ்சிரும்டா என் ராசா! குனிஞ்சு போ! குனிஞ்சு போடா!"

தடங்கள் கணப்பைத் தாண்டிச் சுவருக்குள் மறைந்தன. ஏற்றம் வந்து மணலைச் சமமாக்கிவிட்டுப் போயிற்று.

பதினாறு நாள் கழித்து டிட்மார்ஷின் கடிதம் வந்தது. கார்சைடுக்குத் தொடையில் குண்டு பட்டதாகவும், ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் சாப்பாடு சாப்பிடுவதாகவும், ஆக்லி சௌக்கியம் என்றும், தன் இடுப்புதான் நிமிரவில்லை என்றும் எழுதியிருந்தான். பள்ளத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர்கள் படகில் யாருமே அதைப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. 'மா, அங்க அத்தனை சத்தத்துக்கு நடுவுல யாரோ ஒரு பொம்பள குனிஞ்சு போடான்னு கத்தினாங்க. நான் குனிஞ்சேன், தலைக்கு மேல விர்ருன்னு போச்சு. கார்சைடும் கேட்டேங்கிறான், அவன மாடுன்னு சொன்னதுக்கு இன்னும் கோவமா இருக்கான். யாருன்னு தெரியுமா?'

லவ்டே அன்றைக்கே பதில் எழுதினாள். கத்தியது தான்தான் என்றும், கார்சைடிடம் மன்னிப்புக் கேட்பதாக இல்லை என்றும், இடுப்புக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர்தான் மருந்து, அது வீட்டிலேயே நாளுக்கு இரண்டு வேளை வருகிறது, விடுப்புக் கிடைத்ததும் வந்து சேர் என்றும் எழுதினாள்.