பவுனு ஓடி வந்த தெரு

காணும் பொங்கலன்று தம்பியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் எழில்மொழி. மாயவரத்தில் ஒரு லேப்பில் வேலை. ஊரில் நாலு பேர் 'வாங்க, போங்க' என்று பேசுகிற பெண். அப்பேர்ப்பட்டவள் அன்றைக்கு வளர்ந்த பிள்ளைக்கு ஜெயில் வார்டன். என்ன செய்வாள் பாவம், அம்மாவின் உத்தரவு அப்படி. உத்தரவு போட்ட தங்கம்மாள், மாரியம்மன் கோயிலுக்கு விளக்குப் போடப் போயிருந்தாள்.

மெயின்ரோட்டில் குதிரை வண்டிப் பந்தயம். அப்பா ரெத்தினம் அதே ரோட்டில், எல்லைக் கொடியைத் தொடப்போகிற நேரத்தில், குதிரை மிரண்டு வண்டி கவிழ்ந்து செத்துப்போனவர். தம்பி வளவன் அப்போது சின்னப் பிள்ளை. அன்றிலிருந்து அந்த வீட்டில் குதிரைப் பேச்சை எடுத்தால் சோற்றுத்தட்டு பறக்கும்.

ஆனால் புலிக்குப் பிறந்தது பூனையாகுமா? சொல்லிக்கொடுக்க ஆளே இல்லாமல் வந்த வித்தை அது. நாகநாதன் வீட்டுப் பவுனு என்கிற பெட்டைக்குதிரை கொள்ளு வைக்கிறவனையே கடிக்கும்; வளவன் வேலிக்கு வெளியே நடந்துபோனால் காதைத் திருப்பிக்கொண்டு பின்னாலேயே வரும். போன வருஷம் ஒரு மாப்பிள்ளை அழைப்பில் வெடிச்சத்தத்துக்குக் குதிரை முன்னங்காலைத் தூக்கி நிற்க, மாப்பிள்ளை அலற, இவன் போய்க் கழுத்தில் கையை வைத்து ஏதோ சொன்னான். அது கன்றுக்குட்டியாக நின்றது. கூட்டத்தில் இருந்த எழில்மொழிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. என் தம்பி, என் தம்பி என்று கத்த வேண்டும்போல் இருந்தது. வீட்டுக்கு வந்து மூச்சு விடவில்லை. பெருமையையும் பயத்தையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொண்டு மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அலைகிறாள் அந்தப் பெண்.

"அக்கா," என்றான் வளவன் ஜன்னலுக்குள்ளிருந்து. "பவுனை இன்னைக்கு துரைராசு ஓட்டுறானாம். கடிவாளத்தைப் போட்டு இழுப்பான் அவன். அதுக்கு ஆவாது."

"வாயை மூடிக்கிட்டுப் படுடா."

"படுத்துக்கிட்டுத்தான் சொல்றேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து நாகநாதனின் பைக் வந்து நின்றது. மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

"துரைராசு கீழ விழுந்துட்டாம்மா. பவுனு வெறும் வண்டிய இழுத்துக்கிட்டுத் தறிகெட்டு ஓடுது. குறுக்கால பூந்து நம்ம தெருவுக்குத்தான் வருது. கதவைத் தொறம்மா, புள்ளைங்கல்லாம் தெருவுல நிக்குதுங்க!"

தெருக்கோடியில் பிள்ளைகளுக்கு மியூசிக்கல் சேர் நடந்துகொண்டிருந்தது. எழில்மொழி கதவையும் பார்த்தாள், தெருவையும் பார்த்தாள். திறந்தால் தம்பி, திறக்காவிட்டால் ஊர்ப்பிள்ளைகள். பூட்டைத் திறந்துவிட்டாள்.

வளவன் ஓடவில்லை. நடந்தான். "அண்ணே, முதல்ல மைக் செட்டை நிறுத்தச் சொல்லுங்க," என்றான். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்து, "என்ன ஆனாலும் கத்தாதக்கா," என்றான்.

பாட்டு நின்றது. பிள்ளைகளை வீடுகளுக்குள் இழுத்துப் போட்டார்கள். பவுனு வந்தது. வாயில் நுரை, பின்னால் ஒரு சக்கரம் தரையில், ஒரு சக்கரம் ஆகாயத்தில். இந்தப் பாவிப் பயல் நடுத்தெருவில் குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய் நின்றான். முதுகை! எழில்மொழிக்கு அடிவயிற்றிலிருந்து அலறல் கிளம்பியது. துப்பட்டாவைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அடேய், தள்ளுடா, தள்ளுடா என்று உள்ளுக்குள்ளேயே கத்திச் செத்தாள். அவன் ஏதோ வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகிறவன் மாதிரி மெதுவாக நடந்தான். குளம்புச் சத்தம் தளர்ந்தது, நடையாயிற்று. பவுனு அவன் தோளில் மூக்கை வைத்து மூசு மூசென்று இரைத்தது. அப்போதும் அவன் கயிற்றைப் பிடிக்கவில்லை. நடந்துகொண்டே இருந்தான், அதுவும் பின்னாலேயே போயிற்று.

தெரு முழுக்க விசில். நாகநாதன் அழுதேவிட்டார். "வர்ற ஞாயித்துக்கிழமை நடக்குற பந்தயத்துல நம்ம வண்டிய இவந்தான் ஓட்டுறான். ரெத்தினம் பெத்த புள்ளடா!"

வாய்க்கால் மேட்டில் வண்டியை அவிழ்த்துவிட்டுப் பவுனுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான் வளவன். எழில்மொழி போய் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அந்த முதுகிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

"நல்லவேளை நீ கத்தலக்கா."

"கத்துனா என்னடா ஆயிருக்கும்?"

அவன் குதிரையின் பிடரியை நீவிக்கொண்டே இருந்தான். "அன்னைக்குக் கொடிக்குப் பக்கத்துல நான் அம்மா இடுப்புல இருந்தேன். அப்பா முதல்ல வர்றாருன்னதும் அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கல. முந்தானைய உதறிக்கிட்டு ஓன்னு கத்துனாங்க. அதுக்குத்தான் மிரண்டுச்சு."

எழில்மொழி முகத்தை நிமிர்த்தினாள். "அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. குதிரைதான் கொன்னுச்சுன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. அது மேல தப்பில்லக்கா. அதை நான் யார்கிட்டப் போய்ச் சொல்வேன்? ஓட்டிக் காட்டத்தான் முடியும்."

இத்தனை வருஷமாக இதை வயிற்றில் கட்டிக்கொண்டா இந்தப் பயல் சிரித்தான், சாப்பிட்டான், கதவைப் பூட்டினால் பேசாமல் படுத்துக்கொண்டான்! குதிரையை அடக்குகிற கை என்று ஊர் மெச்சுகிறதே, வாயை அடக்கிய அடக்கம் யாருக்குத் தெரியும்?

தங்கம்மாள் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். செய்தி கோயில்வரை போயிருந்தது. வந்த வேகத்தில் மகனை இழுத்து, கை, கால், தலை என்று தடவிப் பார்த்தாள். பவுனைப் பார்த்துக் காறித் துப்பினாள்.

"புருஷன முழுங்கின குதிரைச் சாதி புள்ளயயும் கேக்குதா? சத்தியம் பண்ணுடா, இனிமே அது பக்கம் போவ மாட்டேன்னு. பண்ணுடா!"

வளவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நீ சொல்லுடி பெரியவளே! நீ சொன்னா கேப்பான். ஒரு வார்த்தை சொல்லு!"

ஒரு வார்த்தை இருந்தது எழில்மொழியிடம். சொன்னால் தம்பிக்கு விடுதலை, அம்மாவுக்கு அதோடு முடிந்தது. அவள் அம்மாவின் கலைந்த முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுவிட்டாள்.

"அவன் ஓட்டட்டும்மா. ஞாயித்துக்கிழமை நான் கூடப் போறேன்."

தங்கம்மாள் பளாரென்று அறைந்தாள். "அப்பனைக் கொன்ன குதிரைக்கா பரிஞ்சு பேசுற? நீயெல்லாம் ஒரு பொண்ணா?" மறுகன்னத்திலும் ஒன்று விழுந்தது. எழில்மொழி இரண்டையும் வாங்கிக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை.