இரக்கத்தின் சுற்றுவழி

...அவன் உள்ளே வரமாட்டான், வந்தால்தான் ஆச்சரியம், பதினோரு வருஷம் இந்தக் கடைவாசலை மிதிக்காதவன் பெண்டாட்டியின் அங்கிக்கு அளவு பார்க்கவா வந்துவிடப் போகிறான் என்று நினைத்துக்கொண்டே அவள் குண்டூசி டப்பாவோடு தரையில் முழங்காலிட்டாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், சாலையின் எதிர்ப்பக்கம், தம்பி பைக்கில் சாய்ந்து நின்றிருந்தான், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தான், அந்த முதுகு அப்படியே அப்பாவுடையது, வலது தோள் கொஞ்சம் தாழ்ந்து... சரி, வேலையைப் பார்ப்போம். தையல் மேஜைக்கு முன்னால் வெள்ளை அங்கியில் அவன் மனைவி நின்றாள், நாளைக் காலை அவளுக்கு ஞானஸ்நானம், இன்று ஐந்து மணிக்குப் போதகர் விசுவாசத்தைப் பற்றிக் கேள்வி கேட்பார், அதற்குள் ஓரத்தை மடித்துத் தைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாக வேண்டும். ஞானஸ்நான அங்கிக்கு ஓரத்தை இரண்டு பங்கு அகலமாக மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டித் தண்ணீரில் இறங்கியதும் துணி குடை மாதிரி விரிந்து மேலே வந்துவிடும், நிற்பவள் மானம் போய்விடும், இந்தச் சூட்சுமமெல்லாம் சபையில் தையல்காரியான அவளுக்குத்தான் தெரியும், இருபது வருஷமாக யார் முழுகினாலும் அவள் தைத்த அங்கியில்தான் முழுகினார்கள். ஆனால் இவளுக்கு, இந்த இவளுக்கு, தன் கையால் தைக்க வேண்டி வரும் என்று யார் கண்டது.

"நான் சொல்லிப் பாக்குறேன்கா, தப்பு இருந்தா திருத்துங்க," என்றாள் தம்பி மனைவி. வாயில் எட்டுக் குண்டூசிகளைக் கவ்வியிருந்ததால் அக்காள் தலையை மட்டும் ஆட்டினாள், நல்லதாகப் போயிற்று, பேச வேண்டாம். "யூதர்தான் கடவுளோட சொந்த ஜனம். வாக்கு கொடுத்ததெல்லாம் அவங்களுக்குத்தான். அவங்கள்ல நெறைய பேர் இயேசுவை ஏத்துக்கல. அதனால அந்த இரக்கம் புறஜாதியார் பக்கம் வந்துச்சு, என்னை மாதிரி வெளியாளுங்க பக்கம். சரிதானே?" சரிதான், தலையாட்டல், ஒரு ஊசி, ஒரு மடிப்பு, இன்னொரு ஊசி. சின்ன வயதில் புறஜாதியார் என்றால் பின்தெருக்காரர்கள் என்று அவள் நினைத்திருந்தாள், தம்பிக்கும் அப்படியே சொல்லிக்கொடுத்தாள், அவன் ஒருநாள் பின்தெருப் பால்காரரிடம் போய் நீங்க புறஜாதியா என்று கேட்டுவைக்க, அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சபையின் மூப்பர், ஊருக்கே முகத்தைக் கடுகடுவென்று வைத்திருக்கும் மனுஷன், அவனிடம் மட்டும்தான் அப்படிச் சிரிப்பார். அவளிடம் சிரித்திருக்கிறாரா... யோசித்துப் பார்த்தால் நன்றாகத் தைத்திருக்கிறாய் என்றிருக்கிறார், குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது என்றிருக்கிறார். அதே அப்பாதான், அவன் இந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற அன்று, வேதம் தெரியாதவள், சபை தெரியாதவள், அவளை வெளியே விட்டுவிட்டு நீ உள்ளே வா என்றார். அவன் வரவில்லை, இருவரும் சேர்ந்தே போனார்கள். அன்றைக்கு அப்பாவுக்குப் பின்னால் நின்ற அவளுக்குள் என்ன இருந்தது, வருத்தமா, அல்லது, சீ, அதையெல்லாம் இப்போது எதற்கு.

"ஆனா கடவுள் யூதரைக் கைவிட்டுடல," தம்பி மனைவி விரல்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள், "கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கிக்கிற வழக்கம் அவருக்கு இல்ல. நாம உள்ள வந்துட்டோம்னு அலட்டிக்கவும் கூடாது, நல்லவங்கன்னு பாத்து நம்மளச் சேக்கல, சும்மா சேத்தார். நமக்குக் கிடைச்ச இரக்கத்தைப் பாத்து அவங்களுக்கும் ஒருநாள் இரக்கம் கிடைக்கணும், அதுதான் அவரோட கணக்கு. இப்படிச் சுத்திதான் வருமாம்." இதை இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது, போதகர் பாதி சொல்லியிருப்பார், மீதி? எங்கிருந்து பிடித்துக்கொண்டாள் என்று போன மாதமே கேட்டாயிற்று, தம்பி வீட்டுப் பரணில் அப்பா அவனுக்குக் கொடுத்த வேதப்புத்தகம் கிடந்ததாம், தூக்கியெறிய மனசு வராமல் அவன் வைத்திருந்தானாம், தூசி தட்டும்போது எடுத்தவள் கீழே வைக்கவில்லையாம். நாற்பத்தெட்டு வருஷமாக ஒரு ஞாயிறு தவறாமல் போகிறோம், நமக்கு அப்படிப் பசித்ததுண்டா... ஊசி விரலில் குத்தியது, சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள், வெள்ளையில் ரத்தம் பட்டால் போகாது.

"ஒரு இடத்துலதான்கா எனக்கு இடிக்குது," என்று குனிந்து பார்த்தாள் தம்பி மனைவி. "இதையெல்லாம் உங்க தம்பிகிட்டயும் சொன்னேன். அவர் ஒண்ணேதான் சொல்றார். சாகும்போதுகூட எங்கப்பா என்னைக் கேக்கலை, பெத்தவர்கிட்டயே இல்லாத இரக்கம் மேலேர்ந்து எப்படி வரும்னு. அதுக்கு என்னன்னு சொல்றது? போதகர்கிட்ட கேக்கலாமா?"

கேட்கலாம், கேட்டால் போதகர் நல்ல பதில் ஏதாவது சொல்லுவார், பூமியிலிருக்கும் தகப்பன் வேறு, பரலோகத் தகப்பன் வேறு என்று, இவளும் அதைப் போய் அவனிடம் சொல்லுவாள், அவனும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுச் சாலைக்கு எதிர்ப்பக்கமே நிற்பான், ஒன்றும் குடிமுழுகிப் போகாது, அப்பா இறந்து ஆறு வருஷம் போனது போல இன்னும் பத்து வருஷம் போகும். அப்பாவின் அறையில் அந்த மருந்து வாசனை, ஜன்னலோரம் கட்டில், நாலு வருஷம் அவள்தான் புரட்டிப் படுக்கவைத்தாள், துடைத்தாள், ஊட்டினாள், கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் அவர் கண்ணைத் திறந்து அவளை உற்றுப் பார்த்து, வாய் கோணி, "தம்பியை வரச் சொல்லு" என்றார். நாலு வருஷப் பணிவிடைக்குப் பிறகு அவனை. அவளைப் பார்த்துக்கொண்டே அவனை. சொல்கிறேன்பா என்றாள், சமையலறையில் போய் நின்றாள், குழாயைத் திறந்தாள், மூடினாள், போன் அலமாரிமேல்தான் இருந்தது, கைக்கெட்டும் தூரம். மறுநாள் மறுபடியும் கேட்டார், வந்தானா. "சொல்லிட்டேன்பா, வரமாட்டேன்னுட்டான்." அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார், அதற்குப் பிறகு யாரையும் கேட்கவில்லை. அடக்கத்துக்கு அவன் வந்தான், கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றான், மண் போடும் முன் போய்விட்டான், அன்றிலிருந்து ஜெபமும் இல்லை கோயிலும் இல்லை, சபையில் எல்லாரும் பாவம் மூப்பர், மகன் இப்படி ஆகிவிட்டானே என்றார்கள், அவளும் ஆமாம் என்றாள், ஒவ்வொரு ஜெபக்கூட்டத்திலும் வழி தப்பிய தம்பிக்காக ஜெபியுங்கள் என்று எழுந்து நின்று கேட்டாள், அழுதுகொண்டே கேட்டாள், அந்த அழுகை பொய்யா, பொய்யில்லை, அதுதான் பயமாயிருக்கிறது.

ஊசிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து டப்பாவில் போட்டாள். "கேட்டார்," என்றாள்.

"யாருக்கா?"

"அப்பா. ரெண்டு நாள் அவனைக் கேட்டார். நான் சொல்லி அனுப்பல. வரமாட்டேன்னுட்டான்னு அப்பாகிட்ட பொய் சொன்னேன்."

பரவாயில்லைக்கா என்பாள், கட்டிப்பிடித்துக்கொள்வாள், நாளைக்கு ஞானஸ்நானம் எடுக்கப்போகிறவள் அல்லவா என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. தம்பி மனைவி அங்கியின் ஓரத்தை அவள் கையிலிருந்து உருவிக்கொண்டு ஒரு எட்டு பின்னால் போனாள். ஊசிகள் துணியில் ஆடின. "ஆறு வருஷம்கா," என்றாள். "தட்டுல கை வச்சபடியே உக்காந்திருப்பார். என்னன்னு கேட்டா, எங்கப்பா கடைசியா என்ன நினைச்சிருப்பார்னு யோசிக்கிறேன்பார். என்னாலதான்னு நான் நினைச்சிட்டிருந்தேன். நான் வந்ததாலதான்னு." திரும்பிக் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். "இதை நான் சுமக்கமாட்டேன். மனசுல வச்சுக்கிட்டு எப்படித் தண்ணியில இறங்குவேன்? நீங்களே போய்ச் சொல்லுங்க." "இப்பவா?" என்றாள் அக்காள். "அவர் அங்கதானே நிக்கிறார்."

எழுந்தபோது முழங்கால் மரத்துப்போயிருந்தது, நொண்டிக்கொண்டே கதவைத் தள்ளினாள், வெளியே வெயில் முகத்தில் அறைந்தது, ஒரு லாரி போகட்டும், ஒரு பஸ் போகட்டும், இன்னொரு ஆட்டோவும் போய்விடட்டும்... வீட்டு ஆள் தான்தான் என்று இருந்தாள், வெளியாள் தம்பி மனைவிதான், வழி தப்பியவன் அவன்தான், இப்போது அந்த வெளியாள்தான் உள்ளே வெள்ளை அங்கியில் நிற்கிறாள், அவள் வழியாகத்தான் தன்னை யாரோ பிடரியைப் பிடித்துத் தள்ளி இந்தச் சாலையைக் கடக்கவைக்கிறார்கள், சுற்றித்தான் வருமாம், இவ்வளவு சுற்றியா. தம்பி காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினான், ஹெல்மெட்டைக் கழற்றினான், காதோரம் நரைத்திருந்தது, எப்போது நரைத்தது. "என்னக்கா," என்றான், பதினோரு வருஷத்துக்குப் பிறகு, நேற்றுப் பேசிவிட்டுப் போனவன் மாதிரி, "நீளம் சரியா வரலியா?" அவள் வாயைத் திறந்தாள். இத்தனை வருஷமும் இவன் திரும்பி வரும் நாளுக்கென்று எத்தனை பேச்சு மனப்பாடம் செய்து வைத்திருந்தாள், போனது போகட்டும், உன்னை மன்னித்துவிட்டேன், அப்பாவும் மேலிருந்து மன்னிப்பார், எல்லாம் வரிசையாக இருந்தன, எல்லாமே மன்னிப்பதற்கான பேச்சு. மன்னிப்புக் கேட்பதற்கென்று ஒரு சொல்கூட இல்லை. அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.