ஆண் கோடு

என் பையனுக்கு ஆண் கோடு விழவில்லை.

பையன் என்றால் நான் பெற்றவன் இல்லை. போன வருடப் பள்ளி விடுமுறையில் காஜாங் பக்கம் ஒரு மண்டபத்தில் கூட்டமாகச் சுன்னத் செய்தார்கள். சாரோங் கட்டி வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவனின் அப்பாவிடம் சம்மதம் கேட்டு, வெட்டிய தோல் துண்டை ஐஸ் பெட்டியில் வைத்து நான்தான் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்தேன். அந்தத் துளித் தோலிலிருந்து செல்களைப் பிரித்து வளர்த்து, தீக்காயத்தின் மேல் போர்த்துகிற அளவுக்கு ஒரு தோல் விரிப்பு செய்வதுதான் என் முதுகலை ஆய்வு. பெயர் தெரியாததால் அவனைப் 'பையன்' என்றே சொல்லிப் பழகிவிட்டேன். குடுவையின் மேலும் அப்படித்தான் எழுதியிருந்தது.

அறிக்கையைக் கொடுப்பதற்கு முன் செல்கள் அவனுடையவைதானா என்று ஒரு சோதனை செய்துவிடச் சொன்னார் டாக்டர் மஸ்னா. அவர்தான் எனக்கு வழிகாட்டி. எனக்குச் சந்தேகமே இல்லை. பூஞ்சை பிடிக்காத குடுவை யாருடையது என்று கேட்டால் எங்கள் கூடத்துக் கதவுகூட 'ஜுரைனி' என்று என் பெயரைச் சொல்லும். ஆணின் செல் என்றால் படத்தில் கூடுதலாக ஒரு கோடு தெரியும், பெண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான் சோதனை. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆண் வேண்டியிருந்தது. கூடத்து உதவியாளர் ஹலிம் அண்ணன் வாயைத் திறந்து கன்னத்தின் உட்பக்கத்தைச் சுரண்டிக் கொடுத்தார்.

"நான் ஆம்பளதான்னு வந்துச்சுன்னா ஒரு காப்பி குடும்மா. வீட்டுல காட்டணும்" என்றார்.

பெண்ணுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. பக்கத்து மேசையில் சியூ பெங் இருக்கிறாள், அவளிடம் ஆன்ட்டி இருக்கிறாள். ஆன்ட்டி என்பது வயிற்றுத் தோலைக் குறைத்துக்கொண்ட, ஐம்பதைத் தாண்டிய ஏதோ ஒரு பெண்ணின் செல்கள். வல்லாரைச் சாறு விட்டால் வயதான செல்கள் இளசாகுமா என்பது சியூ பெங்கின் ஆய்வு. ஆகும் என்று காட்டி, பினாங்கு மாநாட்டில் பரிசும் வாங்கிவிட்டாள். அவளுடைய அறிக்கை பைண்டிங் கடையில் இருந்தது. வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும்.

படம் வந்தது. ஹலிம் அண்ணனுக்குக் கோடு பளிச்சென்று இருந்தது. பையனுக்கு இல்லை. ஆன்ட்டிக்கு இருந்தது.

மாதிரிகளை ஜெல் தட்டின் குழிகளில் மாற்றி நிரப்பிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். மறுபடி செய்தேன், அதுவே வந்தது. நாற்காலியில் சாய்ந்து யோசித்தபோது நோன்புப் பெருநாள், ராயா, ஞாபகத்துக்கு வந்தது. செல்களுக்குப் பெருநாள் தெரியாது, ஊட்டநீரை மாற்றாவிட்டால் செத்துப்போகும். சீனப் புத்தாண்டுக்கு அவளுடையதற்கு நான் ஊட்டுவேன், ராயாவுக்கு என்னுடையதற்கு அவள் ஊட்டுவாள். இந்த ராயாவுக்கு நான் ஊரில், கோலகங்சாரில், ரெண்டாங் கறியும் லெமாங் சோறுமாகத் தின்றுவிட்டு வந்து பார்த்தபோது, துள்ளிக்கொண்டிருந்த பையன் சுருண்டு கிடந்தான். பெங்கை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். விட்டுவிடவில்லை. ஊட்டநீரை முழுக்கக் கொட்டாமல் பழையதில் பாதியை விட்டுவைத்தேன், தட்டின் அடியில் மெல்லிய கொலாஜன் பூச்சு கொடுத்தேன், கெஞ்சிக் கெஞ்சி அவனை எழுப்பி விரிப்பாக்கினேன். அதே வாரத்தில்தான் ஆன்ட்டி மளமளவென்று பெருகி ஓட ஆரம்பித்தாள். கூடமே வல்லாரை, வல்லாரை என்று கொண்டாடியது.

அப்படியென்றால் ராயாவில் குடுவைகள் மாறியிருக்கின்றன, நான் எழுப்பியது பையனை அல்ல, ஆன்ட்டியை. வயதானவளின் செல்களை என் கையால் முழு விரிப்பாக்கியிருக்கிறேன். நான் செய்ய நினைத்ததைவிட இது பெரிய காரியம். எனக்குச் சந்தோஷம் பொங்கியது, மறைக்க விரும்பவில்லை. அது பெங்கின் தலைமேல் நின்றுகொண்டு வந்த சந்தோஷம் என்று புரிந்தபோது அதில் பாதி வடிந்தது.

வளர்ப்பு அறையில் அவள் தனியாக இருந்தாள். படத்தைக் காட்டினேன்.

"ஹலிம் அண்ணன் எச்சிய என் குழியில ஊத்திட்டியா?" என்று சிரித்தாள்.

"ரெண்டாந்தடவையும் செஞ்சு பாத்துட்டேன்டீ. ராயாவுக்கு ரெண்டு குடுவையையும் ஒண்ணா வெளிய எடுத்தியா?"

சிரிப்பு நின்றது. "அலமாக்" என்றாள், மிக மெதுவாக. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஆல்கஹால் அடிச்சேன். கொஞ்சம் கூடவே அடிச்சிட்டேன். மார்க்கர் எழுத்தெல்லாம் ஓடிப்போச்சு. எது எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு எனக்கு நல்லா தெரியும்னு நெனச்சுத் திரும்ப எழுதினேன்."

செல்களைக் கையாளும் கண்ணாடிக் கூண்டுக்குள் எதை வைத்தாலும் ஆல்கஹால் அடிக்காமல் வைக்க மாட்டோம். எழுத்து கரைந்து, திரும்ப எழுதாதவர் எங்களில் ஒருவரும் இல்லை. எனக்கும் நடந்திருக்கிறது, நான் சரியாக எழுதினேன் என்பதற்கு என்ன சாட்சி?

"அப்ப வல்லாரை ஒண்ணுமே செய்யலயா?" என்றாள்.

"சின்னப் பையன் பெங். சும்மாவே ஓடுவான்."

"எங்கம்மா தெனம் காலையில வல்லாரை ஜூஸ் குடிக்கிறாங்க. எம் பேச்ச நம்பி."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவளுக்கும்தான். ஆனால் அவள் கண் கலங்கியிருந்தது.

"என்னைய யாரும் டெஸ்ட் கேக்கலயே" என்றாள் பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு.

"கேக்கல. ஆனா நான் என் அறிக்கையில எழுதத்தான் போறேன். நாளைக்கு யாராச்சும் வெந்துபோன ஒடம்புக்கு இத நம்பி வல்லாரை தடவுவான். வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி உங்கிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். ரெண்டு பேரோட பழைய செல்லும் ஃப்ரீசர்ல இருக்கு. முதல்லேர்ந்து செய்வோம். நானும் கூட நிக்கிறேன்."

"உனக்கென்ன, சொல்லுவ. உனக்கு லாட்டரி அடிச்சிருக்கு."

அது உண்மைதான்.

அவள் எழுந்தாள். கையுறை மாட்டினாள். இன்குபேட்டரிலிருந்து இரண்டு குடுவைகளையும் எடுத்தாள். 'ஆன்ட்டி' என்று அவள் கையெழுத்தில் இருந்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்னமா ஓடுறான் பாரு, கழுத" என்றாள்.

பிறகு ஆல்கஹால் புட்டியை எடுத்து இரண்டின் மேலும் அடித்தாள். நீல எழுத்து கரைந்து எஃகு மேசையில் வழிந்தது. துடைத்துவிட்டு, ஓடுகிறவனை என் பக்கம் தள்ளி, மார்க்கரையும் நீட்டினாள்.

"நீயே எழுது. உம் பையன்."

எழுதினேன். மேசைமேல் இருந்த அவள் போன் அடிக்க ஆரம்பித்தது. திரையில் பைண்டிங் கடையின் பெயர். என் கையிலிருந்து மார்க்கரை வாங்கி, மற்றக் குடுவையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, போன் அடிக்க அடிக்க, ஒவ்வொரு எழுத்தாக 'ஆன்ட்டி' என்று எழுதிக்கொண்டிருந்தாள்.