ட்வெய்ட்டா மைதானத்தில் நாற்பத்தைந்து

பேஸ்போலில் ஒருவரின் ஆட்டத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. நூறு தடவை மட்டையோடு நின்றால், எத்தனை தடவை பந்தை அடித்துவிட்டு ஓடி, ஆட்டமிழக்காமல் முதல் தளத்தை எட்டுகிறார் என்று பார்க்கவேண்டும். சயூரன் ஆடிய எல்லாப் பருவங்களையும் சேர்த்தால் முப்பத்தைந்து. லீக்கில் உள்ள எல்லோருக்குமான சராசரி இருபத்தெட்டு. 2006 கோடையில் பெல்ஜியம் போகும் நோர்வே தேசிய அணியான லாண்ட்ஸ்லாக்குக்கு அவன் பெயரைப் பரிந்துரைக்க இருந்த கழகப் பயிற்சியாளர் அல்பிரட்டுக்கு, கூடுதலாக இருந்த அந்த ஏழு உறுத்திக்கொண்டே இருந்தது.

காரணம், கழகத்தின் சொந்த மைதானமான ட்வெய்ட்டாவில் புள்ளி எழுதுபவள் சயூரனின் அக்கா கம்சிகா. அடித்த பந்தைப் பிடிப்பவர் தவறவிட்டால், அது அடித்தவரின் திறமையா பிடிப்பவரின் பிழையா என்று தீர்மானிப்பது புள்ளி எழுதுபவர்தான். பிழை என்று எழுதினால் அடித்தவருக்கு ஒன்றும் சேராது. பென்சில் கொஞ்சம் சாய்ந்தால் போதும், ஒருவனின் சராசரி ஏறிவிடும்.

கடைத்தொகுதியின் கோப்பிக் கடைக்கு இருவரையும் அழைத்த அல்பிரட், நேரே விஷயத்துக்கு வந்தார்.

"வெளி மைதானங்களில நூறுக்கு இருபத்தைஞ்சு. எங்கட ட்வெய்ட்டாவில நாப்பத்தைஞ்சு. எப்பிடித் தம்பி?"

"வீட்டுச் சாப்பாட்டில வாற பலம், அண்ணை," என்றான் சயூரன்.

அல்பிரட் சிரிக்கவில்லை. அவர் பார்வை கம்சிகாவின்மேல் இருந்தது.

"நேரை கேளுங்கோவன்," என்றாள் அவள். "நான் கள்ளமாய் எழுதினனானோ?"

"நான் கேக்காட்டி நோர்வேக்காரர் கேப்பாங்கள். தமிழன் தமிழனைத் தூக்கிவிட்டான் எண்டுவாங்கள். பிறகு எங்கட பெடியள் ஒருத்தனும் லாண்ட்ஸ்லாக் பக்கம் தலைவைச்சும் படுக்கேலாது."

கம்சிகா புள்ளித் தாள்களை அவர் முன்னால் தள்ளினாள். "இஞ்சை வந்து ஆடின மற்றக் கழகக்காரருக்கும் நான்தான் எழுதினனான். அவையின்ரை கணக்கையும் கூட்டிப் பாருங்கோ. அவையள் என்ன என்ர தம்பியளோ?"

அல்பிரட் கூட்டினார். விருந்தாளிகளுக்கு நாற்பத்துமூன்று. அதே ஆட்டக்காரர்களுக்கு மற்ற மைதானங்களில், அவர் கொண்டுவந்திருந்த லீக் பட்டியலின்படி, இருபத்தைந்து.

இப்போது விளங்கியது. ட்வெய்ட்டாவில் அவர்கள் ஆடுவது பழைய உதைபந்தாட்ட மைதானத்தில், சரளைக்கல் தரை. உருண்டு வரும் பந்து ஒரு கல்லில் பட்டால் பிடிப்பவரின் தோளுக்கு மேலால் பாயும். தரை திருப்பிய பந்துக்குப் பிடிப்பவரைக் குறைசொல்ல முடியாது. விதிப்படி அது அடித்தவரின் கணக்கில் சேரும். யார் அடித்தாலும் சேரும். கம்சிகா விதியைத்தான் எழுதியிருந்தாள்.

"உன்னில பிழையில்லை, பிள்ளை," என்றார் அல்பிரட்.

"அப்ப மன்னிப்புக் கேளுங்கோ."

"கேட்டாச்செண்டு வை."

அவள் வெற்றியோடு தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். இங்கே அவனுக்கு நாற்பத்தைந்து, மற்றவர்களுக்கு நாற்பத்துமூன்று. வெளியே அவனுக்கும் இருபத்தைந்து, மற்றவர்களுக்கும் இருபத்தைந்து. லீக்கின் பாதி ஆட்டக்காரர்கள் இப்படித்தான் அடிப்பார்கள். அவனுடைய ஆட்டங்களில் பாதி சரளையில் நடந்தவை. மற்றவர்கள் அங்கே வருவது எப்போதாவதுதான். அந்த ஏழு அங்கிருந்து வந்தது.

"ஏன்டா மூஞ்சி இப்பிடிப் போச்சு?"

அவன் அல்பிரட்டின் பக்கம் திரும்பினான். "அண்ணை, பெல்ஜியத்தில என்ன தரை?"

"புல்லு," என்றார் அல்பிரட். "மேசை மாதிரி மட்டமான புல்லு."

"அக்கா கள்ளமாய் எழுதியிருந்தாலும் நான் போகேலாது," என்றான் சயூரன். "ஒழுங்காய் எழுதியும் போகேலாது. நல்ல அக்கா."

கம்சிகாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அல்பிரட் பேனாவை எடுப்பதைக் கண்டு தாள்களைப் பிடித்து இழுத்தாள்.

"பொறுங்கோ அண்ணை. நீங்கள் பிழையாய்க் கூட்டியிருப்பியள்."

அவர் பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தார். அவள் மேலிருந்து கூட்டினாள், பிறகு கீழிருந்து கூட்டினாள். நாற்பத்துமூன்றுதான் வந்தது. தாள்களை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினாள். அல்பிரட் வேறொருவனின் பெயரை எழுதினார்.