ஜூனிப்பரின் பச்சை

என் கணவர் மசனோரி ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் வளைவு கற்றுக்கொள்ளக் கிளம்பினார். அதுவரை அவர் சட்டியில் குட்டையாக வளர்த்த போன்சாய் மரங்கள் எல்லாம் விறைப்பாக நிற்கும். ஆரோக்கியமான மரங்கள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் டோக்கியோ பக்கத்து எங்கள் ஓமியாவில் ஆரோக்கியம் யாருக்கு வேண்டும்? தெருவுக்குத் தெரு போன்சாய்த் தோட்டம். ஒரு நாள் தோட்டக்காரர் சங்கக் கூட்டத்தில் பக்கத்துத் தோட்டக்காரர் ஹிராத்சுகா அத்தனை பேர் முன்னால் சொன்னார்: "மசனோரி தோட்டத்துக்குள்ள போனாலே எனக்கு சல்யூட் அடிக்கத் தோணுது. எல்லாம் போலீஸ் டிரில்லுக்கு நிக்கிற மாதிரியே நிக்குதுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் சோறு வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து பித்துப் பிடித்தது. ஈரக் கயிற்றை முற்றத்தில் வீசிப் போட்டு, அது விழுந்து கிடக்கும் கோலத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். மலைக்குப் போய், பனிச்சுமையில் சரிந்து அப்புறம் வெளிச்சம் தேடி நிமிர்ந்த மரங்களை வரைந்துகொண்டு வருவார். மலிவான நாற்றுகளை வாங்கிச் செம்புக் கம்பி சுற்றி வளைத்துப் பார்த்தார். முதலில் வந்தவை எல்லாம் இடமும் வலமுமாக ஒரே அளவில் நெளிந்தன.

"இது என்னங்க மரமா, மாடிப்படி கைப்பிடியா?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒரு வளைவு பெருசுன்னா அடுத்தது சின்னதா வரணும். எங்க திரும்புச்சுன்னே கண்ணுக்குத் தெரியக் கூடாது. நான் வளைச்ச மாதிரி இருக்கக் கூடாது இசோகோ, அதுவா வளைஞ்ச மாதிரி இருக்கணும்."

கை மெல்ல மெல்லப் படிந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அவர் கம்பி சுற்றிய கிளை தண்டை விட்டு இறங்கி, கொஞ்சம் தயங்கி, பிறகு திரும்பும். பார்க்கிறவர்களுக்கு அந்த இடத்தில் இன்னும் காற்று அடித்துக்கொண்டிருக்கிறதோ என்று தோன்றும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவருக்கு மட்டும் போதவில்லை. நாற்றில் செய்ததை எவன் மதிப்பான், வயசான மரம் வேண்டும் என்றார்.

வயசான மரம் குசுமி ஐயாவிடம் இருந்தது. அதாவது எங்கள் தோட்டத்திலேயே இருந்தது. வீட்டில் வெயில் இல்லாதவர்கள் மரத்தை எங்களைப் போன்றவர்களிடம் விட்டுவைப்பார்கள், அவ்வப்போது வந்து பார்த்துப் போவார்கள். குசுமி ஐயா ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு ஞாயிறு தவறாமல் வந்துவிடுவார். தன் மரமான அந்த ஊசியிலை ஜூனிப்பருக்கு எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டு, யாரோடோ பேசிக்கொண்டிருப்பவர் போல உட்கார்ந்திருப்பார். வசந்தம் வந்ததும் சப்போரோவில் இருக்கும் மகளோடு போய் இருப்பதாக ஏற்பாடு.

"சாமானையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு வாங்கப்பான்னு சொல்லிட்டா. போட்டுடறேன். இது ஒண்ணு மட்டும் என் மடியில உக்காந்து வரும்" என்றார்.

அதை வளைத்துப் பார்க்கட்டுமா என்று மசனோரி கேட்டதும் அவர் மறுக்கவில்லை. "இத்தனை வருஷம் நட்டுவெச்ச மாதிரி நின்னாச்சு. கொஞ்சம் ஆடட்டும் விடுங்க. கண்காட்சிக்கும் அனுப்பிப் பாக்கலாமே" என்று சிரித்தார்.

கிழட்டு ஜூனிப்பரின் தண்டில் முக்கால்வாசி பட்டுப்போய் எலும்பு நிறத்தில் வெளுத்திருக்கும். மீதி, ஒரு விரல் அகலத்துக்கு ஓடும் சிவப்புப் பட்டைதான் உயிர். வேரிலிருந்து உச்சிக்குத் தண்ணீர் போக வேறு வழி கிடையாது. தண்டை வளைக்கும்போது அந்தப் பட்டை வளைவின் உட்பக்கம் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் வந்தால் இழுபட்டுக் கிழியும். இது இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். ஆனால் வெள்ளைக் கட்டையை ஒட்டிச் சிவப்புப் பட்டை முன்பக்கம் ஓடினால்தானே கண்ணைப் பறிக்கும்?

ஊறிய நாரைத் தண்டில் இறுக்கிச் சுற்றினார். நான் அடித்தண்டைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னங்க, பட்டை வெளிப்பக்கம் வருது."

"நார் இருக்குல்ல, தாங்கும். அழகே அந்தச் சிவப்புலதான் இருக்கு. நீ ஆடாம பிடி."

தண்டு இசைந்து வந்தது. நிற்க வேண்டிய இடம் வந்தது, அவர் நிற்கவில்லை. நாருக்குள்ளே எங்கோ நெட்டி முறித்தது போல ஒரு சத்தம்.

"கேட்டுச்சா?" என்றேன்.

"பட்ட கட்டை. அது அப்படித்தான் பேசும்."

நார் பிரித்த அன்று அந்த மரத்தைப் பார்த்து நானே வாயடைத்துப் போனேன். விழுந்து, எழுந்து, மறுபடி விழப் போகிற மாதிரி ஒரு ஓட்டம். அவர் வாழ்நாளில் செய்த வேலையிலெல்லாம் அதுதான் மேல். இலைகள் பச்சைப்பசேல் என்று இருந்தன.

அந்தப் பச்சையைத்தான் நம்பக் கூடாது. மற்ற மரம் செத்தால் வாடிக் காட்டும். ஜூனிப்பர் செத்த பிறகும் மாதக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது என் வேலை. மற்ற சட்டிகள் காய்ந்து வெளுத்துக் கிடக்க, அந்த ஒரு சட்டியின் மண் மட்டும் முந்தின நாள் விட்ட ஈரத்தோடு கறுத்தே இருந்தது.

"அது தண்ணி குடிக்கலைங்க."

"குளிர்காலம். எல்லா மரமும் தூங்குது."

"மத்ததெல்லாம் தூங்கிக்கிட்டே குடிக்குதே?"

ஜனவரியில் ஒரு காலையில், மண்ணை மூடிய பாசியை ஓரமாகத் தூக்கி, அடிப்பட்டையை நகத்தால் கீறினேன். உள்ளே ஈரமாக இளம்பச்சை தெரிய வேண்டும். காய்ந்த தேயிலைச் சக்கை நிறத்தில் இருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு பாசியை எடுத்து அதே இடத்தில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தி மூடினார்.

"குசுமி ஐயாகிட்ட சொல்லிடுங்க."

"சொல்றேன். நான்தான் நேர்ல சொல்லணும். நீ நடுவுல போகாதே."

தப்பு செய்தவனே வாயால் சொல்வதுதான் முறை என்று நானும் விட்டேன். பிப்ரவரியில் டோக்கியோ கண்காட்சிக்கு அந்த மரம் போனபோது, குசுமி ஐயா எல்லாம் தெரிந்துதான் சம்மதித்திருப்பார், ஊரார் ஒரு தடவை பார்க்கட்டும் என்று நினைத்திருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மரத்துக்குப் பரிசு கிடைத்தது. அதன் முன்னால் கூட்டம் நகரவே இல்லை. ஹிராத்சுகா வந்து இவருக்குத் தலை வணங்கினார். "ஒரு தளிர்கூட வடிவக் கோட்டைத் தாண்டலையே மசனோரி! எங்க ஜூனிப்பரெல்லாம் கிள்ளக் கிள்ள வெளிய நீட்டுது. இது எப்படி உனக்கு இப்படி அடங்குச்சு?"

இவர் பணிவாகச் சிரித்தார். எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. பிணத்துக்கு நகம் வளராதது ஒரு சாதனையா?

குசுமி ஐயா கறுப்புக் கோட்டும் டையுமாக வந்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "இசோகோ அம்மா, எங்க பொண்ணு பால்கனியில ஒரு மேடையே கட்டிட்டா, தெரியுமா? பனி விழாம மேல கூரை வேற."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மனுஷனிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

"ஐயா, இவர் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா? மரம் போயிடுச்சு ஐயா."

"எங்க போச்சு? இதோ நிக்குதே" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கையை நீட்டிப் பாசியைத் தூக்கிக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நிமிர அவருக்கு நேரமாயிற்று.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்று இவரைக் கேட்டார்.

"ஜனவரியில."

"போன ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுல உக்காந்து டீ குடிச்சேனே."

இவர் இடுப்பு மடியக் குனிந்தார், எழவில்லை. நானும் குனிந்தேன். தண்டைப் பிடித்த கை என்னுடையதும்தான்.

"நிமிருங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றார் குசுமி ஐயா. குரல் உயரவில்லை. "நான் இதைக் கொண்டுபோகலை. உங்க வாசல்ல வைங்க, பரிசு அட்டையோட. பச்சை போற வரைக்கும் தினமும் நீங்களே தண்ணி ஊத்துங்க, மசனோரி. எடுத்து மறைச்சிடாதீங்க." சட்டியின் விளிம்பை ஒரு தடவை தடவிவிட்டுப் போனார். மார்ச் கடைசியில் ஊரைக் காலி செய்துவிட்டார் என்று கேள்விப்பட்டோம். எங்களிடம் சொல்லிக்கொள்ள வரவில்லை. அந்த மேடையில் இப்போது என்ன வைத்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

மரம் வாசலில் நிற்கிறது. கண்காட்சிப் படத்தைப் பார்த்துவிட்டு எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். குசுமி ஐயா சொன்னபடியே இவர் தினமும் தண்ணீர் ஊற்றுகிறார். மே மாதம் பிறந்ததும் ஒரு நுனி துரு நிறத்துக்கு மாறியது. தோட்டத்தைத் திறக்கும் முன்பே அதைக் கிள்ளி எடுத்துவிட்டார். மறுநாள் இன்னொன்று. இப்போது தினமும் விடிந்ததும் அதுதான் வேலை. ஓட்டத்துக்கு ஊறு வராமல், எதை எடுத்தால் எது சரியாகும் என்று பார்த்துப் பார்த்துக் கிள்ளுகிறார். மரம் முன்னைவிட மெலிந்திருக்கிறது. மெலிந்ததில் இன்னும் அழகாகிவிட்டது என்று வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

இன்று ஒரு கணவனும் மனைவியும் சிபாவிலிருந்து வண்டியில் ஒரு ஜூனிப்பரைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பெண்ணின் அப்பா விட்டுப்போன மரமாம்.

"வாசல்ல இருக்கே, அதே மாதிரி வேணும்" என்றாள் அவள்.

இவரை முந்திக்கொண்டு நான் சொன்னேன். "அது செத்த மரம்மா. போன வருஷம் நாங்க ரெண்டு பேரும்தான் கொன்னோம். உங்க மரத்தை எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

அவள் ஒரு கணம் திகைத்து இவர் முகத்தைப் பார்த்தாள். இவர் லேசாகத் தலை வணங்கினார். உடனே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா நல்லாவே தமாஷ் பண்றாங்க! எவ்வளவு பச்சையா இருக்கு!" அவள் கணவனும் சிரித்தான். எங்கள் மரத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, தங்கள் மரத்தை விட்டுவிட்டுப் போனார்கள்.

வண்டிச் சத்தம் அடங்குவதற்குள் இவர் அந்த மரத்தைச் சுழல்மேசையில் ஏற்றிவிட்டார். மெல்லத் திருப்பினார். அவருடைய விரல் சிவப்புப் பட்டையை அடியிலிருந்து உச்சிவரை தொட்டுக்கொண்டே போயிற்று.

"இந்தப் பக்கம் முன்னாடி வந்தா நல்லா இருக்கும்ல, இசோகோ?"

மேசை மேலும் திரும்பாதபடி சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் தண்டை விடவில்லை.